இடமில்லாத தீவில் சாலை நெரிசலைக் குறைப்பது எப்படி? சிங்கப்பூரின் ஐம்பது ஆண்டு நடைமுறையிலிருந்து ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிலத்தில் 12 விழுக்காடு சாலைகளுக்கே போய்விட்டது. அத்தனை பேரும் குடியிருக்கும் வீடுகளுக்கு 14 விழுக்காடுதான். இனி ஒரு தடம் கூட்ட வேண்டுமென்றால் வீட்டு மனையிலோ பூங்காவிலோதான் கை வைக்க வேண்டும். பெரிய நாடுகள் செய்வதுபோல ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. வெளியே இருப்பது கடல். விரைவுச்சாலைகளையும் சுரங்கச்சாலைகளையும் இந்தத் தீவு கட்டத்தான் செய்தது. ஆனால் நகர மையம் இன்று நகர்வதற்குக் காரணம், எந்த நேரத்தில் எத்தனை வண்டி சாலையில் ஏறலாம் என்பதை 1975 முதல் விடாமல் கணக்கு வைத்துக் கட்டுப்படுத்தி வருவதுதான்.

இதே நிலையில் உள்ள தீவு நகரங்களில் திட்டமிடும் வேலையில் இருப்பவர்களுக்கும், அந்த வேலையைக் கேள்வி கேட்கும் குடிமக்களுக்கும் இந்தக் குறிப்புகள். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விதியில் எங்கே கோடு போட்டாலும், அது கடிகாரத்தில் ஆகட்டும், வரைபடத்தில் ஆகட்டும், இன்ஜின் அளவில் ஆகட்டும், வண்டிகள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குவியும். அந்தக் குவியலைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது பாதி வேலை.

எண்ணாமல் எதையும் தொடாதீர்கள்

நெரிசல் தீவு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. நகர மையத்துக்குள் நுழையும் பத்திருபது சாலைகளிலும் சில சந்திப்புகளிலும்தான் கட்டிக்கொள்ளும். மையத்தைச் சுற்றி ஒரு கற்பனைக் கோடு வரையுங்கள். அதைக் கடக்கும் ஒவ்வொரு சாலையிலும், காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை எடுங்கள். பள்ளி விடுமுறை இல்லாத வாரமாக இருக்கட்டும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எடுங்கள். திங்களும் வெள்ளியும் கணக்கைக் குழப்பும்.

வண்டிகளை வகை பிரித்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றினால்தான் ஒப்பிட முடியும். மோட்டார் சைக்கிள் அரை, கார் ஒன்று, நடுத்தர லாரி ஒன்றரை, பெரிய லாரியும் பெரிய பேருந்தும் இரண்டு என்று சிங்கப்பூர் சாலைக் கட்டணத்தில் வைத்திருந்த கணக்கே தொடக்கத்துக்குப் போதும். அதோடு ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எத்தனை பேர் என்பதையும் குறிக்க வேண்டும். நாம் நகர்த்த வேண்டியது மனிதர்களை. இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் பிறகு பேருந்துத் தடத்துக்கு யாரிடமும் நியாயம் சொல்ல முடியாது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முற்றிலும் கட்டிக்கொண்ட சாலையில் எண்ணினால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், ஏனென்றால் வண்டிகள் நகரவே இல்லை. தாளை மட்டும் பார்ப்பவர் அந்தச் சாலை காலியாக இருப்பதாக முடிவு கட்டிவிடுவார். எனவே எண்ணிக்கையோடு வேகத்தையும் அளக்க வேண்டும். போக்குவரத்தோடு சேர்ந்து ஒரு காரை ஓட்டி, சந்திப்புக்குச் சந்திப்பு நேரம் குறித்தாலே போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

கடைசியாக, உள்ளே வரும் கார்களில் எத்தனைக்கு மையத்தில் வேலையே இல்லை என்று பாருங்கள். நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வண்டி எண்களைக் குறித்துப் பொருத்தினால் தெரிந்துவிடும். கால் பங்குக்கு மேல் வெறுமனே கடந்துபோகிறவை என்றால், கட்டணத்துக்கு முன்பே சுற்றுச்சாலையைச் சரிசெய்தாக வேண்டும்.

எந்த வேகம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"நெரிசலை ஒழிப்போம்" என்பது இலக்காகாது. அளக்க முடிந்த ஒரு வேகம் வேண்டும். சிங்கப்பூர் வைத்திருக்கும் இலக்கு, விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், நகரின் மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு தடம் ஒரு மணி நேரத்தில் அதிகபட்ச வண்டிகளைக் கடத்துவது இந்த வேகத்தில்தான். 45க்குக் கீழே போனால் நின்று நின்று ஊர்வதில் வேகமும் போகும், கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையும் விழும். 65ஐத் தாண்டினால் வண்டிகளுக்கிடையே இடைவெளி கூடி, அரிய சாலை பாதி காலியாகக் கிடக்கிறது என்று பொருள். அப்போது கட்டணம் தேவைக்கு மேல் இருக்கிறது, குறைக்க வேண்டும்.

2008க்கு முன் சராசரி வேகத்தைப் பார்த்தார்கள். சராசரி நன்றாக இருந்தாலும் பலர் மாட்டிக்கொண்டிருப்பது அதில் தெரியவில்லை. அந்த ஆண்டிலிருந்து, நூற்றில் 85 ஓட்டுநர்களாவது இலக்கு வேகத்திலோ அதற்கு மேலோ போகிறார்களா என்பதே அளவுகோல். முதல் நாளிலேயே இந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு முன் பேருந்து

சிங்கப்பூரின் வரிசையைக் கவனியுங்கள். 1973இல் பேருந்து நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1974இல் முதல் பேருந்துத் தடம் வந்தது. 1975இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம். நகருக்குள் ஓடும் மெட்ரோவான பெருவிரைவு ரயிலின் முதல் ஐந்து நிலையங்கள் திறந்தது 1987 நவம்பர் 7இல்தான். அதாவது, ரயில் வருவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே கட்டணம் வந்துவிட்டது. "மெட்ரோ வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருக்கும் தீவுகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. நல்ல பேருந்து இருந்தால் தொடங்கலாம். பேருந்தும் இல்லையென்றால் மட்டும் தொடங்காதீர்கள்.

ஒரு தடத்தின் கணக்கு இது. சிக்னல் உள்ள சாலையில், பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,900 கார்கள் கடக்கும். பச்சை 100 விநாடிக்கு 45 விநாடிதான் என்றால் ஏறத்தாழ 850 கார்கள், காருக்கு 1.4 பேர் என்று வைத்தால் 1,200 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஆளுக்கு ஆள் நெருக்கியடிக்காமல் 60 பேரோடு போனால் 3,600 பேர். மணிக்கு 30 பேருந்துக்கு மேல் போகும் சாலையில் தனித்தடம் கொடுக்கத் தயங்க வேண்டாம். அதைவிடக் குறைவு என்றால் முழுத் தடத்தையும் எடுப்பது வீண். சிக்னலுக்கு முன் 50 முதல் 100 மீட்டர் மட்டும் பேருந்துக்கு ஒதுக்கி, மற்ற வண்டிகளுக்குச் சில விநாடி முன்னால் பச்சை கொடுத்தால் போதும்.

எத்தனை பேருந்து வாங்க வேண்டும்? போய்வர ஆகும் நேரத்தை, இரு பேருந்துகளுக்கிடையே வேண்டிய இடைவெளியால் வகுங்கள். முனையத்தில் நிற்கும் நேரத்தோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு 90 நிமிடம், ஆறு நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் 15 பேருந்து. நெரிசலில் அந்தச் சுற்று 108 நிமிடமானால் அதே சேவைக்கு 18 பேருந்தும் அதற்கேற்ற ஓட்டுநர்களும் வேண்டும். பயணிகளுக்கு இதில் ஒரு பைசா நன்மை இல்லை. மூன்று பேருந்தை நெரிசல் விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். தடம் கொடுத்தால் அந்த மூன்றும் திரும்பக் கிடைக்கும்.

ஏறும் நேரமும் அப்படித்தான். ரொக்கம் கொடுத்துச் சில்லறை வாங்கி ஏற ஆளுக்கு 5, 6 விநாடி ஆகும். அட்டையைத் தட்டி ஏற 2 விநாடி. ஒரு நிறுத்தத்தில் 20 பேர் என்றால் 100 விநாடிக்கும் 40 விநாடிக்கும் உள்ள வித்தியாசம். பத்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் மிஞ்சும். புதிய பேருந்து வாங்குவதற்கு முன் கட்டண அட்டையைக் கொண்டுவாருங்கள். நிறுத்தங்களைச் சந்திப்புக்கு முன்னால் வைக்காமல் தாண்டி வையுங்கள். முன்னால் வைத்தால் ஆள் ஏறி முடிவதற்குள் சிவப்பு விழுந்துவிடும். நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்துக்குப் பின்னால் வருபவர் வழிவிட வேண்டும் என்பதை 2008இல் சிங்கப்பூர் சட்டமாக்கியது. சாலையில் மஞ்சள் வண்ணத்தில் வழிவிடும் கட்டம் வரைந்த செலவுதான்.

பேருந்துத் தடத்தைக் கொல்வது ஒற்றை லாரி. ஓரமாக நிறுத்திச் சரக்கு இறக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், பின்னால் வரும் பேருந்துகளெல்லாம் அடுத்த தடத்துக்கு ஒதுங்கி, இரண்டு தடமும் சேர்ந்து நிற்கும். தடம் வரையும் அன்றே சரக்கு இறக்கும் இடத்தைப் பக்கத்துத் தெருவில் ஒதுக்கிவிட வேண்டும். பிறகு கண்காணிப்பு.

பேருந்து வாங்கப் பணம் இல்லாத இடங்களுக்கு ஒரு வழி உண்டு. 1974இல் சிங்கப்பூரிலும் பேருந்து போதவில்லை. பள்ளிப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் உச்ச நேரத்தில் மட்டும் பொதுப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி கொடுத்தார்கள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும் பேருந்து எல்லாத் தீவிலும் இருக்கிறது.

நுழைவுக் கட்டணம்: காகிதத்திலேயே தொடங்கலாம்

1975 ஜூன் 2ஆம் தேதி, சுமார் 6 சதுர கிலோமீட்டர் மையப் பகுதிக்குள் காலை 7.30 முதல் 9.30 வரை நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதத்துக்கு 60 வெள்ளி என்று கட்டணம் விதிக்கப்பட்டது. கணினி கிடையாது, கேமரா கிடையாது. அஞ்சல் நிலையங்களிலும் சாலையோரச் சாவடிகளிலும் விற்கும் காகித உரிமத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சாலைக்குக் குறுக்கே தலைக்கு மேல் எழுப்பிய நுழைவு வளைவருகே நிற்கும் காவலர் வண்டியை நிறுத்த மாட்டார். உரிமம் இல்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார், அபராதம் தபாலில் வரும். நிறுத்திச் சோதித்திருந்தால் அந்த வளைவே புதிய நெரிசலாகியிருக்கும். கட்டண நேரத்தில் நுழையும் கார்கள் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. நுழைவுச் சாலைகள் இருபது முப்பதுக்குள் அடங்கும் தீவுக்கு இன்றும் இந்தக் காகித முறை போதும். ஆளை வைக்க விரும்பாவிட்டால் வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா வைக்கலாம். 2003இல் 5 பவுண்டு கட்டணத்தோடு லண்டன் தொடங்கியது அப்படித்தான்.

இனி, கோட்டுக்கு வெளியே குவிந்தவற்றைப் பாருங்கள்.

கடிகாரக் கோடு: 9.30க்குக் கட்டணம் முடிந்ததும் வெளியே காத்திருந்த கார்கள் மொத்தமாக உள்ளே பாய்ந்தன. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 1 முதல், நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். அரசு அறிவிக்கை மூலமே நேரத்தை மாற்றும் அதிகாரத்தை உங்கள் சட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சட்டமன்றம் போக வேண்டுமென்றால் இந்த இரண்டு மாதம் இரண்டு ஆண்டாகும்.

வரைபடக் கோடு: மையத்தைக் கடந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் சுற்றுச்சாலைகளுக்கு மாறினார்கள், அவை நெரிந்தன. சுற்றுச்சாலைச் சிக்னல்களில் பச்சை நேரத்தைக் கூட்டிச் சமாளிக்க வேண்டியிருந்தது. கட்டணம் தொடங்கும் முதல் நாளே இதைத் தயாராக வைத்திருங்கள்.

தலைக்கணக்குக் கோடு: ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை என்று விட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் காரோட்டிகள் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களையே மூன்று பேராக ஏற்றிக்கொண்டு இலவசமாக உள்ளே போனார்கள். பேருந்தில் போக வேண்டியவர்கள் காரில் போனார்கள், கார் குறையவில்லை. 1989இல் இந்த விலக்கை எடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள், லாரி எல்லாவற்றுக்கும் கட்டணம் வைத்து, கார்க் கட்டணத்தை 5 வெள்ளியிலிருந்து 3 வெள்ளிக்குக் குறைத்தார்கள். மாலை நேரத்தையும் அப்போதுதான் சேர்த்தார்கள், ஏனென்றால் காலையில் கார் குறைந்தால் மாலையிலும் தானாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. விலக்கு குறைவாக, கட்டணமும் குறைவாக இருப்பது, விலக்கும் கட்டணமும் அதிகமாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். எங்கள் பார்வையில் முழு வழிகாட்டியிலும் இதுதான் அதிகம் மீறப்படும் விதி.

மின்னியல் கட்டணம்: விலையை வேகத்தோடு கட்டுங்கள்

1998 ஏப்ரலில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே என்ற விரைவுச்சாலையிலும் செப்டம்பரில் நகர மையத்திலும் காகித உரிமம் போய் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. வண்டியில் ஒரு சிறு கருவி, அதில் செருகிய ரொக்க அட்டை; வளைவுக்கு அடியில் போகும்போதே பணம் கழியும். ஒரு நாளுக்கு ஒருமுறை என்பது மாறி, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கட்டணம். அதுவும் அரை மணிக்கு ஒரு விலை.

விலையை அமைச்சர் மனம்போல் நிர்ணயிக்கக் கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைப் பார்க்கும். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தனியாகப் பார்க்கும். இலக்குக்குக் கீழே என்றால் அந்த அரை மணி விலை ஏறும், மேலே என்றால் இறங்கும். 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் சாலைகள் காலியானபோது கட்டணத்தையே நிறுத்திவைத்தார்கள். விலை இறங்கியும் காட்டும்போதுதான் இது வருமானத்துக்கான வரி அல்ல என்று மக்கள் நம்புவார்கள்.

இங்கேயும் கோட்டுப் பிரச்சினை வந்தது. ஒன்பது மணிக்கு விலை இறங்குகிறது என்றால், 8.58க்கு வளைவை நெருங்கும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஊர்வார். சிலர் ஓரமாகவே நிறுத்திவிடுவார்கள். பின்னால் வருபவர் பிரேக் போட வேண்டும். விலை ஏறப்போகும் நேரத்தில் இதற்கு நேர்மாறு: வளைவுக்கு முன் வேகத்தைக் கூட்டிப் பாய்வார்கள். 2003 முதல் இரு விலைகளுக்கும் நடுவே ஐந்து நிமிடத்துக்கு ஓர் இடைவிலை வைத்தார்கள். படி சிறிதானதும் காத்திருப்பதில் லாபம் இல்லாமல் போனது. காகித முறையிலும் இதைச் செய்யலாம்: உச்ச நேரத்துக்கு ஒரு விலை, அதன் இரு பக்கத்து அரை மணிக்குப் பாதி விலை.

மக்கள் ஒப்புதலுக்கு இரண்டு பாடம் உண்டு. ஹாங்காங் 1983 முதல் 1985 வரை மின்னியல் கட்டணத்தைச் சோதித்தது. கருவிகள் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் எங்கே எப்போது போனீர்கள் என்ற பட்டியலோடு மாதாந்தர ரசீது வரும் என்பது மக்களைப் பயமுறுத்தியது, திட்டம் கைவிடப்பட்டது. சிங்கப்பூரின் ரொக்க அட்டையில் பணம் அந்த இடத்திலேயே கழிந்துவிடுவதால், கட்டியவர் எங்கே போனார் என்ற பதிவைச் சேர்த்துவைக்கத் தேவை இருக்கவில்லை. முதல் கருவியை அரசே இலவசமாகப் பொருத்திக் கொடுத்தது; வாகன வரிகளையும் கூடவே குறைத்தது. ஸ்டாக்ஹோம் வேறு வழியில் போனது: 2006இல் ஏழு மாதம் சோதனையாக நடத்திக் காட்டிவிட்டுப் பிறகு வாக்கெடுப்பு வைத்தது. கட்டணத்துக்கு முன் வாக்கெடுப்பு வைத்தால் தோற்கும் வாய்ப்பே அதிகம். சாலை இலகுவானதைக் கண்ணால் பார்த்த பிறகு வையுங்கள்.

வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு

சாலைக் கட்டணம் மட்டும் இருந்தால், வருமானம் உயர உயரக் கார்களும் பெருகும். கட்டணம் வானத்துக்குப் போகும். 1990 மே மாதம் சிங்கப்பூர் வாகன உரிமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. கார் வாங்கும் முன் பத்து ஆண்டுக்கான சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். மாதம் இரண்டு ஏலம். எத்தனை வண்டி பதிவிலிருந்து நீங்கியதோ அதனோடு அனுமதித்த வளர்ச்சியைச் சேர்த்தால் வருவது ஏலத்துக்கு விடும் எண்ணிக்கை. வளர்ச்சி தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடு. படிப்படியாக இறக்கி, 2018 பிப்ரவரியில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பூஜ்யமாக்கினார்கள்.

ஏலத்தை நடத்தும் முறை முக்கியம். வென்றவர்கள் எல்லோரும் ஒரே விலை கட்டுகிறார்கள்: தோற்றவர்களில் மிக அதிகம் கேட்டவரின் தொகை, அதோடு ஒரு வெள்ளி. எனவே தனக்கு எவ்வளவு மதிப்போ அதை ஒளிக்காமல் எழுதலாம். தொடக்கத்தில் சான்றிதழைக் கைமாற்ற முடிந்தது. வண்டியே வாங்காமல் வாங்கி விற்கும் ஊக வணிகம் முளைத்தது. கார்களுக்குக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். சிறிய கார் வாங்குவோருக்கென 1,600 சிசி வரை ஒரு தனிப் பிரிவு இருந்தது. இன்ஜின் தொழில்நுட்பம் வளர்ந்ததும், 1,600 சிசிக்குள் அடங்கும் சொகுசுக் கார்கள் அந்தப் பிரிவுக்குள் வந்து சாதாரணக் குடும்பங்களோடு போட்டி போட்டன. 2014இல் 97 கிலோவாட் ஆற்றல் வரம்பையும் சேர்க்க வேண்டியதாயிற்று. முந்தைய ஆண்டே கார்க் கடனுக்கும் கடிவாளம் போட்டார்கள். கடன் தாராளமாகக் கிடைத்தால் ஏல விலை கடனோடு சேர்ந்து ஏறும்.

இதன் குறைகளை மறைக்கக் கூடாது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளியைத் தொட்டது. காரின் விலை தனி. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கும், நடமாட முடியாத பெரியவர்களைக் கவனிப்பவர்களுக்கும் இது உண்மையான சுமை. இன்னொன்று, இவ்வளவு கொடுத்து வாங்கியவர் காரை வீட்டில் நிறுத்திவைக்க மாட்டார். போட்ட பணத்தை எடுக்க ஓட்டித் தீர்ப்பார். எண்ணிக்கை வரம்பு மட்டும் உள்ள தீவில் உச்ச நேர நெரிசல் அப்படியே இருக்கும். ஓட்டுவதற்கு விலை வைப்பது துல்லியமானால் எண்ணிக்கையைச் சற்றுத் தளர்த்தலாம். 2023 நவம்பரிலிருந்து வண்டிகளில் பொருத்தப்படும் புதிய செயற்கைக்கோள் வழிக் கருவியைக் காரணம் காட்டி, 2025 பிப்ரவரி முதல் சில ஆண்டுகளில் கூடுதலாக 20,000 சான்றிதழ்கள் வரை விட ஆணையம் முடிவெடுத்தது இந்தக் கணக்கில்தான்.

ஏலம் உங்கள் ஊருக்கு ஒத்துவராது என்றால் எளிய வழிகள் இருக்கின்றன. அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் ஒரு வீட்டுக்கு ஒரு தனியார் கார்தான், அதன் அளவுக்கும் வரம்பு உண்டு. ஜப்பானில் வண்டியை நிறுத்தச் சாலைக்கு வெளியே இடம் இருக்கிறது என்று காட்டாமல் பெரும்பாலான பகுதிகளில் காரைப் பதிவுசெய்ய முடியாது. தெருவெல்லாம் வண்டி நிறுத்தமாகிவிட்ட தீவுக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்த ஜப்பானிய விதிதான். பணக்காரர் ஏழை என்ற கேள்வி குறைவு. பழைய வண்டிகளைத் தொடாமல் புதிய பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.

நிறுத்துமிடம், சரக்கு, சிக்னல்

கட்டடம் கட்டுபவர் இத்தனை கார் நிறுத்துமிடமாவது வைக்க வேண்டும் என்ற பழைய விதி பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது நகர மையத்துக்குக் காரை அழைக்கும் விதி. 2019இல் சிங்கப்பூர் தேவையான எண்ணிக்கையைக் குறைத்ததோடு, மேல் வரம்பும் வைத்தது. சாலையோர நிறுத்தத்துக்கு, எப்போதும் எட்டில் ஓர் இடம் காலியாக இருக்கும் அளவுக்கு விலை வையுங்கள். இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் மறையும்.

சரக்கு வண்டிகள் காலை 7 மணிக்கு முன்போ 10 மணிக்குப் பின்போ வர, கடைக்காரர்களோடு உட்கார்ந்து நேரம் பேசுங்கள். பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கும் வரிசையைப் பள்ளி வளாகத்துக்குள் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐம்பது கார் சாலையில் நின்றால் ஏறத்தாழ 300 மீட்டர் தடம் போய்விட்டது. சிக்னல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கணினி அமைப்பை, சிட்னியின் முறையைத் தழுவி, 1988 முதல் சிங்கப்பூர் பயன்படுத்துகிறது. நல்ல வசதிதான், ஆனால் சிக்னல் திருத்தத்தால் கிடைக்கும் இடத்தைக் கட்டணமோ வரம்போ இல்லாவிட்டால் சில மாதங்களில் புதிய கார்கள் நிரப்பிவிடும்.

செலவழித்தும் பலன் தராதவை

மையத்தின் விளிம்பில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் உள்ளே போகும் திட்டம் எல்லாக் கூட்டத்திலும் யாராவது எழுந்து சொல்லும் யோசனை. 1975இல் சிங்கப்பூர் விளிம்பில் 10,000 கார்களுக்கு இடம் கட்டி, இணைப்புப் பேருந்தும் விட்டது. ஆள் வரவில்லை. காரில் ஏறிவிட்டவர் பாதி வழியில் இறங்கி மாற விரும்புவதில்லை. ஒன்று வீட்டருகிலேயே பேருந்து ஏறுவார், அல்லது நேரத்தை மாற்றிக்கொண்டு முழுவதும் காரிலேயே போவார். அந்தப் பணத்தைக் குடியிருப்பிலிருந்து கிளம்பும் பேருந்துக்குக் கொடுங்கள்.

பேருந்தை இலவசமாக்குவதும் தனியாகப் போதாது. மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்ட்டா 2022 அக்டோபரில் குடியிருப்பாளர்களுக்குப் பேருந்தை இலவசமாக்கியது. பயணிகள் கூடினார்கள், சாலை நெரிசல் அப்படியே இருக்கிறது. பேருந்தும் அதே நெரிசலில்தான் நிற்கிறது. இலவசத்தைக் குறிபார்த்துக் கொடுத்தால் பலன் உண்டு: 2013 ஜூன் முதல் 2017 வரை, வார நாளில் காலை 7.45க்குள் நகர மைய நிலையங்களில் இறங்கினால் சிங்கப்பூரில் ரயில் கட்டணம் கிடையாது. உச்ச நேரக் கூட்டத்தில் ஒரு பகுதி முன்னேறிப் போனது.

பாலம் கட்டும் தீவுகள் கவனிக்க வேண்டியது, பாலம் வண்டிகளையும் கொண்டுவரும் என்பது. மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு 1985இல் முதல் பாலமும் 2014இல் இரண்டாவதும் வந்தன. அந்தத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் தெருக்கள் அகலமாகிவிடவில்லை. வெளியிலிருந்து வரும் வண்டிக்கும் உள்ளூர் வண்டிக்கும் ஒரே சுமை இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் வரும் வெளிநாட்டுக் கார், ஆண்டில் பத்து இலவச நாள் போக, கட்டண நேரத்தில் நாளுக்கு 35 வெள்ளி கட்டுகிறது. மின்னியல் சாலைக் கட்டணம் தனி. பாலத்தின் திறப்பு விழாத் தேதியைக் குறிப்பதற்கு முன், இந்த நுழைவுக் கட்டணத்தை வசூலிக்கும் சாவடியையும் அதற்கான சட்டத்தையும் தயார் செய்துவிடுங்கள்; திறந்த பிறகு வைக்கப் போனால், அதற்குள் பாலத்தை நம்பி வீடு மாறியவர்கள் எல்லோரும் எதிர்த்து நிற்பார்கள்.